சாக்கெட்டில் இறங்கிய தண்ணீர்

அண்ணன் மன்னித்துவிட்டான் என்றதும் பொடிசுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ஒன்றரை மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவன் தானாகக் கூப்பிட்டு, "பழசையெல்லாம் விடு பொடிசு. நாளைக்குப் போட்டி இருக்கு. வந்து போர்டை சீல் பண்ணித் தர்றியா?" என்று கேட்டால் பாவம் அவள் வேறு என்னதான் செய்வாள்?

பொடிசு என்றால் ஏதோ சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர், கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அண்ணனுடைய பைத்தியத்துக்குக் கூட்டாளி.

அது என்ன பைத்தியம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற புராசஸர் என்கிற சிப்பை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டி ஓட்டுகிற போட்டி அது. வேகம் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் சிப் செத்துப்போகும். அதனால் சிப்பின் தலைமேல் ஒரு செம்புக் குவளையை உட்காரவைத்து, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு டிகிரி என்றால் யோசித்துப் பாருங்கள். மேடையெல்லாம் வெள்ளைப் புகை, திரையில் ஏறும் எண்கள், கீழே விசில். ஊற்றுகிறவனுக்குத்தான் பேரும் புகழும். அண்ணனை அந்த வட்டாரத்தில் ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆனால் குளிர் எங்கே வந்தாலும் பின்னாலேயே ஈரம் வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்தால் வெளியே வியர்க்கிறதே, அதேதான். அந்த வியர்வையில் ஒரு சொட்டு, போர்டில் சிப் உட்காருகிற சாக்கெட்டின் ஊசிகளுக்கு நடுவே இறங்கினால் போதும், சிப்பின் ஜோலி முடிந்தது. அந்தச் சொட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பொடிசின் வேலை. சாக்கெட்டுக்குள் மெல்லிய தூரிகையால் வாசலின் களிம்பை நிரப்புவாள். சுற்றியிருக்கிற பாகங்களுக்கு நகப்பூச்சு அடிப்பாள். படம் வரைகிறவர்கள் வைத்திருப்பார்களே பிசையும் ரப்பர், மாவு மாதிரி மெத்தென்று இருக்குமே, அதை உருட்டிக் குவளையைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் அமுக்குவாள். அதற்கு மேல் நுரை அட்டை. காற்று புக வழியில்லை என்றால் ஈரம் புகவும் வழியில்லை. இதற்கு யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

ஒழுங்காக நடக்காத அன்று மட்டும் ஊருக்கே தெரிந்தது.

ஒன்றரை மாதத்துக்கு முந்தைய இறுதிப் போட்டி அது. அண்ணனும் தங்கையுமாக எத்தனையோ சிப்புகளைச் சோதித்துக் கழித்து, கடைசியில் பொறுக்கி எடுத்த ஒரே ஒரு சிப். அப்படி ஒன்று ஆயிரத்தில் ஒன்றுதான் அமையும் என்பார்கள். முதல் ஓட்டம் அமர்க்களமாகப் போனது. இரண்டாவது ஓட்டத்துக்காகக் குவளையைக் கொஞ்சம் சூடேற விட்டு மறுபடி ஊற்ற ஆரம்பித்தான் அண்ணன். பொசுக்கென்று ஒரு வாடை. திரை கறுத்துப்போனது. அண்ணன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மேடையில் இருந்த எல்லார் காதிலும் விழும்படி, "தண்ணி இறங்கிடுச்சு. சீல் சரியில்லை" என்றான்.

பொடிசுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிப் கொடுத்து உதவிய கம்பெனியின் மானேஜர் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோ மைக்கை அவள் கையில் திணித்தார்கள். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் தலை குனியக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டு, "என் தப்புதான். எல்லாரும் மன்னிச்சிருங்க. எங்க அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அந்தத் துண்டு வீடியோ போன் போனாகச் சுற்றியது. கும்பிடுகிற அவள் முகத்தின்மேல் மழை பெய்கிற மாதிரி படம் போட்டுச் சிரித்தார்கள். கடையில் முதலாளியே, "தண்ணியில விழுந்த போன் வந்தா இந்த அம்மாகிட்ட கொடுத்துடாதீங்கப்பா" என்று கிண்டலடித்தார். கிண்டல் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு நிஜமாகவே அப்படிப்பட்ட போன்களைப் பக்கத்து மேஜைக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஈரம் பட்ட போனைப் பிழைக்கவைப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது, தெரியுமா? அவள் வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவள் எந்த முகத்தோடு பேசுவாள்?

அவளை அரித்துத் தின்றது கிண்டல்கூட இல்லை. எந்த மூலையில் விட்டோம் என்பதுதான். இடது மூலையா, பின்பக்கமா, ரப்பர் இரண்டும் சேர்கிற இடமா என்று படுத்தாலும் எழுந்தாலும் அதே நினைப்பு. "அந்த போர்டை ஒரு தடவை பாக்கணும்ணா" என்று கேட்டதற்கு, "தூக்கிப் போட்டுட்டேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா மடியில் தலை வைத்து, "என்னாலதாம்மா, எல்லாம் என்னாலதான்" என்று புலம்புவாள். அம்மா தலையைக் கோதிவிடுவாள். "போனது போகட்டும், விடுடி" என்பாள்.

இப்போது அண்ணனே கூப்பிட்டுவிட்டான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தூரிகையும் கையுறையும் இருந்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொடிசு அம்மா வீட்டுக்குப் பறந்தாள். அண்ணன் அங்கேதான் இருந்தான். வாசலை ஒட்டிய முன்னறைதான் அவனுடைய பட்டறை.

"வாடி என் தங்கமே" என்று அண்ணன் சிரித்தான். "நீ இல்லாம ஒருத்தனைப் புடிச்சேன் பாரு, கேடுகெட்டவன், ரெண்டு போர்டைக் குளிப்பாட்டிட்டான். இது புது சிப். நம்ம பழசு மாதிரி இல்லை, ஆனா பரவாயில்லை. இந்தத் தடவை ஜாக்கிரதையா பண்ணு, என்ன?"

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பண்றேண்ணா" என்றாள்.

அண்ணன் நைட்ரஜன் வாங்கிவரக் காரை எடுத்துக்கொண்டு போனான். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் மேஜைமேல் விழுந்தது. பொடிசு கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடடா, எவ்வளவு நாளாயிற்று! வாசலின் வழுக்கிக்கொண்டு ஊசிகளுக்கு நடுவே இறங்கியபோது அவளுக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது. நகப்பூச்சு அடித்துக் காயவைத்தாள். சிப்பை உட்காரவைத்துக் குவளையைப் பூட்டினாள். ரப்பருக்காக டப்பாவைத் திறந்தால், அடியில் ஒரு சுண்டைக்காய் அளவுதான் மிச்சம். கேடுகெட்டவன் ரப்பரையும் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

பழைய போர்டிலிருந்து ரப்பரை உரித்துப் பிசைந்து மறுபடி போடுவது வழக்கம்தான். மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியில், குவளை பூட்டியபடி, நுரை அட்டை சுற்றியபடி, அந்த போர்டே இருந்தது. தூக்கிப் போடவில்லை. அண்ணன் எதைத்தான் தூக்கிப் போட்டான்? சுத்தம் செய்வது எல்லாம் எப்போதும் அவள் வேலைதானே.

பார்த்துவிட வேண்டும், எந்த மூலை என்று தெரிந்துவிட்டால் இன்றைக்கு அதே தப்பைச் செய்ய மாட்டோம் அல்லவா? நுரை அட்டையை மெதுவாக உரித்தாள்.

ரப்பரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அது அவள் வேலை இல்லை. அவள் கையுறை போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்குவாள். இதை யாரோ வெறும் கையால் அவசர அவசரமாக அமுக்கியிருந்தார்கள். வரிசையாகப் பெருவிரல் பதிவுகள். ரேகைகூடத் தெரிந்தது. ஓரத்தில் மட்டும்தான் ரேகை, நடுவில் ஒரு காசு அகலத்துக்கு மொழுமொழுவென்று ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு பெருவிரல் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான். எப்போதோ நைட்ரஜன் தெறித்து வெந்துபோன விரல். அதற்கப்புறம் அண்ணனுடைய போனே அந்த விரலை யாரோ எவரோ என்று திருப்பி அனுப்பியது. வேறு விரலைப் பதிந்து கொடுத்தவளே பொடிசுதான்.

ரப்பரைக் கிழியாமல் உரித்து வைத்துவிட்டுக் குவளையைக் கழற்றினாள். உள்ளே வாசலினில் வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்குகள். சாக்கெட்டுக்குள் அவள் டிஷ்யூ காகிதத்தைக் கொண்டுபோகவே மாட்டாள், பிசிறு விடும். ஊசிகளின் நடுவே துருவேறிய ஒரு வட்டம். வெளி ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது. தண்ணீர் பக்கவாட்டிலிருந்து கசிந்து வரவில்லை. யாரோ குவளை ஜில்லென்று இருக்கும்போதே அதைத் திறந்திருக்கிறார்கள். திறந்த மாத்திரத்தில் அறையிலிருந்த ஈரமெல்லாம் பனியாகச் சிப்பின்மேல் படிந்திருக்கும். காகிதத்தால் துடைத்துவிட்டு, துடைக்க முடியாததை உள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். மேடையில் முதல் ஓட்டத்தில் உறைந்து கிடந்த அது, குவளை சூடேறியதும் உருகி இறங்கிவிட்டது. ஓட்டி முடித்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம் அவள் சீல் செய்து, இதே மேஜையில் வைத்துவிட்டு, தன் வாடகை அறைக்குப் போயிருந்தாள். மறுநாள் அண்ணன் காரில் மேடைக்குக் கொண்டுவந்தான். நடுவே என்ன நடந்தது?

அம்மா டீ டம்ளரோடு வந்தாள். மேஜைமேல் இருந்த போர்டைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நான் கிளம்பினப்புறம் இதை யாராவது எடுத்தாங்களா?"

"எதை? எனக்கென்னடி தெரியும் இதெல்லாம்."

"அம்மா."

அம்மா டம்ளரை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பழகாத முகம், பாவம், அது அம்மாவைக் காட்டிக்கொடுத்தது.

"அந்த மானேஜர் வந்திருந்தாருடி. டீ போட்டுக் குடுத்தேன். முன்னாடியே ஒரு தடவை ஓட்டிக் காட்டுன்னு கேட்டாரு. இவனும் பெருமைக்கு ஓட்டிக் காட்டினான். சிப்பைக் கண்ணால பாக்கணும்னாரு. இவன் திறந்துட்டான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? உனக்கு எப்பத் தெரியும்?"

"போட்டி முடிஞ்சு வந்து சொன்னான். என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதான்டி, உன் அண்ணன். வெளியில தெரிஞ்சா கம்பெனிக்காரங்க சிப் கொடுக்கறதை நிறுத்திடுவாங்களாம். அந்த மானேஜருக்கும் வேலை போயிடுமாம். நான் என்ன பண்ணட்டும்? நீ தாங்கிக்குவே. அவன் தாங்க மாட்டான்."

பொடிசு அம்மாவையே பார்த்தாள். இந்த மடியில்தானே அழுதாள். ஒன்றரை மாதம், ஒவ்வொரு தடவையும், என்னாலதாம்மா என்று இவளிடம்தானே அழுதாள். தெரிந்துகொண்டே தலையைக் கோதியிருக்கிறாள். அண்ணன் கழுத்தை அறுத்தான் என்றால், அம்மா வலிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாயை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே கார் வந்து நின்றது. அண்ணன் நைட்ரஜன் குடுவையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். குடுவையைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவைத்தான்.

"அதை எதுக்கு எடுத்தே?"

"ரப்பர் தீர்ந்துபோச்சு" என்றாள் பொடிசு. உரித்த ரப்பரை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இது யார் விரல்ணா?"

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"சரி, நான்தான். என்ன இப்போ? பதறிப்போய் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மேடையில அத்தனை பேர் பாக்கறாங்க, வாயில வந்துடுச்சு. நானா உன்னை மைக்கைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கச் சொன்னேன்? நீயா போய்க் கேட்டே."

"உனக்காகக் கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். நீயா கேட்டே. அப்புறம் நான் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேர் பேரும் கெட்டுப்போகும். உனக்குக் கடை இருக்கு, வேலை இருக்கு. எனக்கு இதை விட்டா என்ன இருக்கு சொல்லு?"

"இன்னிக்குக் காலையில போன்ல மன்னிச்சிட்டேன்னு சொன்னியே. வாய் கூசலை?"

"மன்னிச்சிட்டேன்னு எங்கே சொன்னேன்? பழசை விடுன்னுதான் சொன்னேன்."

அது உண்மைதான். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டவள் அவள். அழுததும் அவள். பொடிசுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"மேடையில சொல்லுண்ணா" என்றாள். குரல் கெஞ்சியது, அவளுக்கே பிடிக்கவில்லை. "நாளைக்கு, ஊத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. நான்தான் திறந்தேன், தங்கச்சி மேல தப்பில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. அது போதும், நான் எல்லாத்தையும் மறந்துடறேன். சொல்லாட்டி இந்த ரப்பரை நானே கொண்டுபோய்க் காட்டுவேன்."

அண்ணனின் முகம் கனிந்தது. சின்ன வயதில் அவள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் பார்ப்பான்.

"காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா நீ?" என்று கேட்டான்.

கேட்டுக்கொண்டே கையை நீட்டி, அவள் உள்ளங்கையிலிருந்த ரப்பரை எடுத்தான். அவள் சாப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட ஆரம்பித்துவிட்டான். மெத்தென்ற ரப்பர். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமலே பிசைந்தான். விரல் பதிவு ஒன்றுகூட மிஞ்சாமல் உருண்டையாக்கி, புது போர்டின் பக்கத்தில் வைத்தான்.

"ரப்பர் கிடைச்சாச்சு. உக்காந்து முடி" என்றான். அம்மா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் சொன்னது பதற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம், கூடப்பிறந்தவள் எதைத்தான் வைத்துக்கொள்ள மாட்டாள்? ஆனால் இதை அவன் நிதானமாகச் செய்தான், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே செய்தான். பொடிசுக்குள் அண்ணன் என்று ஒருத்தன் இருந்த இடம் அப்போதுதான் காலியானது. இனி யாரிடம் போய் என்ன சொன்னாலும், "நீதானே மைக்ல சொன்னே?" என்றுதான் கேட்பார்கள். அது அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அவள் மறுபடி மேஜை முன் உட்கார்ந்தாள். அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பஞ்சை நனைத்தாள். புது போர்டின் குவளையைக் கழற்றினாள். சிப்பை எடுத்துத் துடைத்து அதன் டப்பாவில் வைத்தாள். காய்ந்திருந்த நகப்பூச்சை ஓரத்திலிருந்து கரைத்து எடுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

அவள் சாக்கெட்டிலிருந்த வாசலினை ஸ்பிரிட்டில் தோய்த்த தூரிகையால் ஊசி ஊசியாகக் கழுவினாள். ஒரு ஊசி வளையவில்லை. கெடுத்துவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை. அப்படிச் செய்ய அவள் கைக்கு வரவில்லை. தன் வேலை எதுவும் அதில் தங்கக் கூடாது, அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அண்ணன் முதலில் அதட்டினான். பிறகு கெஞ்சினான். "நாளைக்குப் போட்டிடி! மானேஜர் வர்றாரு, எல்லாரும் வர்றாங்க. இந்நேரத்துக்கு நான் ஆளுக்கு எங்கே போவேன்? வேணும்னா காலில விழறேன்" என்றான். கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி, பளிச்சென்று, வெறும் போர்டாக அதை அவன் முன்னால் வைத்தாள்.

"நீயே சீல் பண்ணு" என்றாள். "உனக்குத்தான் கை பழகியிருக்கே."

கையுறையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா வாசல் வரைக்கும் ஓடிவந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அந்தப் பாழாய்ப்போன மனம் அப்போதும் ஒரு கணம் ஏங்கியது, பொடிசு திரும்பி நின்றாள்.

"நாளைக்கு அவன் என்னடி பண்ணுவான்?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்து வேறு ஏதாவது கேட்பாள் என்று பொடிசு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.